முட்டுக்கட்டை

போன வெள்ளிக்கிழமை நடந்த ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதும், மகன் எனக்கு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்தான். என்ன கம்பெனி என்று கேட்காதீர்கள், அதன்மேல் குற்றமில்லை. அன்று காலை அக்காவையும் வீட்டம்மாவையும் ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருகினால் இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கியர் கம்பி 'பி'யை விட்டு அசையவே மாட்டேன் என்கிறது.

தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "கியர்பாக்ஸ் போயிருக்கும் சார். மதுரைக்குத் தூக்கிட்டுப் போகணும். லட்ச ரூபாய்க்குக் குறையாது" என்றார்கள். பென்ஷன்காரனுக்கு எப்படி இருக்கும்! அக்காவின் மதிய சர்க்கரை மாத்திரை வேறு வீட்டில் இருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னார். பைக்கில் வந்தவன் என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். "சார், தெரியுதா? ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்சு." தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

அவன் பானட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டான். "கம்பி 'டி'க்கு வந்தும் நகரலையா, இல்ல 'பி'யை விட்டே வரலையா? மேட்டுல நிறுத்துனீங்களா?" பிறகு, "பிரேக்கை மிதிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தான். "லைட் எரியல. கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். "நம்ம தேருக்கு முட்டுக்கட்டை போடுறாங்கல்ல சார், அதுமாதிரி 'பி'ல போட்டா உள்ள ஒரு இரும்பு நாக்கு பல்சக்கரத்துல விழுந்து பிடிச்சுக்கும். பிரேக்கை மிதிச்சாத்தான் கம்பியோட பூட்டு திறக்கும். மிதிச்சதைச் சொல்றது பெடல் பக்கத்துல உள்ள சின்ன சுவிட்ச். பின் லைட்டுக்கும் அதே சுவிட்ச்தான்."

முதலில் ஃபியூஸைப் பார்த்தான், நன்றாக இருந்தது. டெஸ்ட் லைட் வைத்தான். சுவிட்சுக்குள் கரண்ட் வருகிறது, மிதித்தாலும் வெளியே போகவில்லை. சுவிட்ச்தான் போயிருந்தது. சில நூறு ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினான். பின் லைட் எரிந்தது. கம்பி வெண்ணெயாய் இறங்கியது.

அவன் சொன்னதில் உங்களுக்கும் உதவுவது: சரிவில் நிறுத்தினால் முதலில் ஹேண்ட் பிரேக், அப்புறம்தான் 'பி'. இல்லாவிட்டால் வண்டியின் பாரமெல்லாம் அந்த நாக்கின்மேல் விழும். கம்பி 'டி'க்கு வந்து, இன்ஜின் உறுமியும் வண்டி நகராவிட்டால் அது வேறு விஷயம். கியர் ஆயில் அளவையும், கருகிய வாடை இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும் சக்கரம் தரையில் உருள, ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது.

இனி மனசில் உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பையனின் அப்பாவை ஒருநாள் வரவழைத்து, "இவனுக்குப் படிப்பு ஏறாது, வேற வேலைக்கு அனுப்புங்க" என்று சொன்னவன் நான்தான். அடுத்த மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "வகுப்புல எப்பவும் தூங்குவியே, ஏன்ப்பா?"

"அப்ப சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி தறியில ராத்திரி வேலை பார்த்தேன் சார். அப்பாவுக்கு முடியாம இருந்துச்சு." சிரித்துக்கொண்டே, "நீங்க சொன்னதுனாலதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்" என்றான். நன்றியாகத்தான் சொன்னான். எனக்கு அது நன்றியாக இறங்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் நான். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்காமலே கியர்பாக்ஸ் போச்சு என்று சொல்லிவிட்டேன். அன்று காலை போனில் கேட்ட அதே வார்த்தைதான்.

"மன்னிச்சிடுப்பா" என்றேன். "என்ன சார் நீங்க" என்று பதறினான். கூலியை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டான். அதில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை நகராமல் நின்றால், முதலில் பின் லைட் எரிகிறதா என்று பாருங்கள்.

அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறார். பால்கோவா தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் சார்