தம்பி வாங்கித் தந்த மாத்திரை

2021 மே மாதத்தில் அண்ணன் பதினொரு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். உடனிருக்க யாருக்கும் அனுமதியில்லை. மாலைதோறும் மருத்துவர் தொலைபேசியில் நிலைமையைச் சொல்வார். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். மூன்றாம் நாள் அவர் கேட்டார்: "வீட்டில் என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" டெக்ஸாமெதசோன் என்றேன். "எப்போதிலிருந்து?" காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளிலிருந்து. "அப்போது ஆக்சிஜன் அளவு?" தொண்ணூற்றேழு. சற்று மௌனம். பிறகு அன்றைய நிலைமைக்குப் போய்விட்டார்.

வாட்ஸப்பில் சுற்றிய ஒரு மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டி அந்த மாத்திரையை வாங்கிவந்தவன் நான். விலை சில ரூபாய்கள்தான்.

அதன்பின் ஒரு மாணவனைப்போல் படித்தேன். நுரையீரலின் காற்றுப்பைகளில் நீர் கசிந்து நிறைய, பிராணவாயு இரத்தத்தில் கலக்க வழியற்றுப் போகிறது. அந்தக் கட்டத்தில் அழிவைச் செய்வது பெரும்பாலும் கிருமியன்று. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படைதான். ஸ்டீராய்டு அதை அடக்குகிறது. ஆனால் கிருமி பெருகும் முதல் நாட்களில் நமக்கு இருப்பதும் அந்தப் படை ஒன்றே.

பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 2020 ஜூனில் சொன்னது இதைத்தான். செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் பெற்றவர்களில் 29.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் கணக்கு திரும்புகிறது: மருந்தின்றி 14.0, மருந்துடன் 17.8. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பது புள்ளியியல். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பிந்தினாலும் ஆபத்துதான்: நோய் தொடங்கி இரண்டு வாரங்களுக்குப் பின் ஸ்டீராய்டு ஆரம்பித்தவர்களிடம் இறப்பு கூடியதை 2006இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டிருந்தது. குறளின் மருந்து அதிகாரத்தைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்தியவன் நான். அதில் வரும் 'காலம்' என்ற சொல்லை ஒருநாளும் நிறுத்திச் சொன்னதில்லை.

அண்ணன் பிழைத்தார். மருத்துவமனையிலும் அவருக்கு அதே மருந்துதான், நரம்பு வழியாக, உரிய நாளில். நான் கொடுத்தது அவரை அங்கே கொண்டு சேர்த்ததா, அதன்றியும் சேர்ந்திருப்பாரா என்று கேட்டதற்கு, "அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது சார்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வருவோரிடமெல்லாம் அண்ணன் சொல்வார்: "தம்பி வாங்கிட்டு வந்த மாத்திரைதான் என்னைக் காப்பாத்துச்சு." நான் மறுத்ததில்லை. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தம் அப்பாவின் காய்ச்சலுக்கு அந்த மாத்திரையின் பெயரை அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனாராம். இரவு பத்து மணிக்கு அண்ணி சொல்லித்தான் தெரியும். உடனே அவரை அழைத்தேன், பிறகு அண்ணனை.