கூழுக்குக் கடிக்க வெங்காயம்

மரக்காணம் உப்பளத்தில் காலை ஒன்பது மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் உட்காருவார்கள். தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கூழ். கடித்துக்கொள்ள வெங்காயம், பச்சை மிளகாய், சுட்ட கருவாடு. அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பல வருடங்களாக முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெறும் கூழைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். வயது 61. பேரப்பிள்ளைகளுக்கு ஆயா.

வெற்றிலையோடு புகையிலை போட்ட பழக்கம் ஒரு பக்கம், சர்க்கரை நோய் மறுபக்கம். ஈறு கெட்டு, பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. பல்செட் வாங்கினார். மேல்செட் நின்றது, கீழ்செட் நிற்கவில்லை. பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். மேல்செட்டுக்கு அண்ணத்தின் பிடிப்பு உண்டு. கீழ்செட்டுக்கு அது இல்லை. வெயிலில் வாய் வறண்டால் செட் இன்னும் நழுவும், ஈறு புண்ணாகும். கடைசியில் கீழ்செட் டப்பாவில்தான் கிடந்தது.

சாப்பாடு மாறிப்போனது. கஞ்சி, சாம்பாரில் ஊறிய இட்லி, டீயில் நனைத்த பன். சுண்டல், மல்லாட்டை, கறி எல்லாம் நின்றன. மாவுச்சத்தே உணவாகிப் போனதால் சர்க்கரை ஏறியது. உப்பு வாரும்போது தலை சுற்றியது. கல்யாண வீடுகளுக்கும் போவதில்லை, மொய்யை மகனிடம் கொடுத்தனுப்புவார். வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் தட்டெடுப்பார்.

“ஆயா, நீ ஏன் எங்ககூட சாப்பிட மாட்டேங்குற?” என்று பேத்தி கேட்டபோதுதான் மகனுக்கு உறைத்தது.

புதுச்சேரியில் ஒரு பல் மருத்துவரிடம் போனார்கள். எல்லாப் பல்லையும் தனித்தனியாக வைக்க வேண்டியதில்லை, கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட் பதித்து, அதில் பல்செட்டை மாட்டிக்கொண்டால் போதும் என்றார் அவர். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும், கீழ்ப்பல் முழுவதும் இழந்தவர்களுக்கு இதையே முதல் தேர்வாகச் சொன்னார்கள். இம்பிளான்ட் என்பது டைட்டானியத் திருகு. எலும்பு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டறிந்த ஸ்வீடன் நாட்டு பிரானேமார்க், 1965-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்.

“இந்த வயசுல எனக்கெதுக்குப் பல்லு? பாப்பா படிப்புக்கு வைங்க” என்று மறுத்தார் ஆயா. மருமகள் தன் கம்மலை அடகு வைத்தார். மருத்துவர் போட்ட நிபந்தனை இரண்டு: சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், புகையிலையை விட வேண்டும். புகையிலையை விட்டதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்கிறார். மழையால் உப்பளம் மூடிய ஐப்பசியில் திருகு பதித்தார்கள். எலும்பு பிடிக்க மூன்று மாதம் காத்திருப்பு. தை மாதம் செட் மாட்டியாயிற்று.

இப்போது அவித்த மல்லாட்டை, சுண்டல், கீரைத்தண்டு, மீன் எல்லாம் சாப்பிடுகிறார். வறுத்த மல்லாட்டையைத் தொடுவதில்லை. சர்க்கரை மாத்திரை நிற்கவில்லை. இரவில் செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும், திருகைச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். அழுக்குச் சேர்ந்தால் அங்கேயும் ஈறு கெடும், திருகு ஆடிவிடும்.

எல்லோருக்கும் இம்பிளான்ட் தேவைப்படாது. பழைய செட்டைச் சரியாகப் பொருத்தினாலே பலருக்குப் போதும். செலவு செய்யும் முன் புதுச்சேரி ஜிப்மரின் பல் பிரிவிலோ, சென்னை அல்லது சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ காட்டிக் கேட்பது நல்லது. அதுவரை மசித்த பயறு, முட்டை, முள் நீக்கிய மீன், கீரைக் கடைசல் என்று சாப்பிடலாம். பல் இல்லை என்பதற்காகச் சத்தை விட்டுவிடக் கூடாது.

கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் ஆயா இப்போது வரப்பில் மற்றவர்களைப் பார்த்தபடி உட்காருகிறார். தூக்குச் சட்டி மூடியில் அவருக்கும் ஒரு வெங்காயம் இருக்கிறது.