போறணையும் கரும்புப் பாணியும்

அமெரிக்கரின் தணல் விருந்துகளில் வாட்டிய இறைச்சிக்குத் துணையாகப் போறணையில் வெந்த போஞ்சி விதையும் பரிமாறப்படும். அவ்வுணவின் பழைய வடிவங்களுட் புகழ்பெற்றது பொஸ்ரன் நகருக்குரியது. ஞாயிறாகிய ஓய்வுநாளிற் சமைத்தலைத் தவிர்த்த தூய்மைவாதக் கிறித்தவர், சனிக்கிழமையே பானையைப் போறணையுள் வைத்துவிடுவர்.

இரவு முழுவதும் ஊறிய வெள்ளைப் போஞ்சி விதையை முதலில் வெறும் நீரில் மென்மையாகும்வரை அவித்தல் வேண்டும். பின்னரே உப்பிட்ட பன்றியிறைச்சி, கடுகு, வெங்காயம், கரும்புப் பாணி என்பன சேர்த்து, மூடிய மட்பானையில் ஆறேழு மணிநேரம் இளஞ்சூட்டில் விடுவர். இவ்வொழுங்கு மாறலாகாது. பாணியிலுள்ள கல்சியமும் அமிலமும் சீனியும் விதை மேலும் இளகுவதைத் தடுப்பன. நெடுநேரம் வெந்தும் அது குழையாமல் நின்று சுவையை உள்வாங்குவது அதனாலேயே. பாணியை முதலிலேயே ஊற்றும் அவசரக்காரர் பல்லுக்குத்தான் வேலை கொடுப்பர்.

அப்பாணியோ பொஸ்ரனில் விளைந்ததன்று. 18ஆம் நூற்றாண்டில் அது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கு உழைத்தோர் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளும் அவர்தம் வழிவந்தோருமாவர். பொஸ்ரனை உள்ளிட்ட நியூ இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து, வேறெங்கும் விலைபோகாத கொட் மீன் கருவாடு அவ்வடிமைகளுக்கு உணவாகச் சென்றது. கருவாடு இறக்கிய கப்பல்கள் பாணிப் பீப்பாய்களுடன் திரும்பின.