தாத்தா குரலும் ரெண்டு டிஸ்க்கும்

தாத்தா பேசின கேசட்டுகளை எம்பி3 ஆக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்ல வச்சிருந்தேன். ஒருநாள் 'டக் டக்'னு சத்தம். பாதி ஃபைல் போச்சு. கேசட்டெல்லாம் ஏற்கனவே பூஞ்சை பிடிச்சு குப்பைக்குப் போயாச்சு. அப்புறம்தான் புத்தி வந்தது.

பழைய பிசியில் பிராக்ஸ்மாக்ஸ், அதுக்குள்ள ட்ரூநாஸ், ரெண்டு 4 டிபி டிஸ்க் மிர்ரர். முதல்ல டிஸ்க்கை மட்டும் விர்ச்சுவலா கொடுத்தேன். ஓடுச்சு, ஆனா டிஸ்க்கோட ஸ்மார்ட் விவரம் ட்ரூநாஸுக்குத் தெரியல. கண்ணைக் கட்டிக்கிட்டு காவல் காக்கிற வாட்ச்மேன் மாதிரி! அதனால பயாஸ்ல விடி-டி ஆன் பண்ணி, டிஸ்க் மாட்டின எச்பிஏ கார்டையே மொத்தமா பாஸ்த்ரூ பண்ணினேன்.

போன வாரம் 'பெண்டிங் செக்டார் 8'னு எச்சரிக்கை. டிஸ்க்கை மாத்திட்டேன், ஒரு ஃபைலும் போகல.

மிர்ரர் பேக்கப் ஆகாது மக்களே. இன்னொரு காப்பி அக்கா வீட்டுல இருக்கு. மிச்சமிருக்கிற பாதியில தாத்தா இருமுறதுகூட பத்திரம்.