வலை இறங்கியிருக்கும்போது நிற்கும் எஞ்சின்

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழிலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. நான் இறங்குதளத்துக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. சனிக்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிப் புறப்பட வேண்டிய படகு ஒன்று, எஞ்சின் ரூம் மூடியைத் திறந்து வைத்தபடி கட்டிக் கிடந்தது. சில வாரங்களாகவே அதன் எஞ்சின் கடலில் திடீரென்று நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எடுக்கிறது. கரைக்கு வந்து பார்த்தால் கோளாறு இல்லை. அதற்குள் டீசல் ஃபில்டர் மாற்றி, டேங்க்கைக் கழுவி, புது பேட்டரியும் போட்டுவிட்டார் ஓனர். அத்தனையும் கடன்.

பாக் நீரிணையில் இது வெறும் செலவுக் கணக்கு இல்லை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லை கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் செத்த படகை நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. எல்லை தாண்டினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். படகில் ஏறுகிற ஐந்தாறு பேரின் வீடுகளுக்கும் இந்த எஞ்சின்தான் பொறுப்பு.

வந்திருந்த எலக்ட்ரீஷியன் பெரியவர் பையைத் திறக்கவே இல்லை. டிரைவரிடம் முதலில் பேச்சுக் கொடுத்தார்.

“எப்படி நிக்குது தம்பி? திக்கித் திணறி நிக்குதா, பட்டுனு நிக்குதா?”

“பட்டுனுதான் அண்ணே. யாரோ சாவியைத் திருப்புன மாதிரி.”

“அந்த நேரம் மீட்டர் போர்டு?”

“அதுவும் செத்துரும். கேபின் லைட் மட்டும் எரியும்.”

இந்த இரண்டு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. டீசல் வரத்தில் அடைப்போ காற்றோ இருந்தால் எஞ்சின் வேகம் ஏறி இறங்கி, இருமி, மெதுவாகத்தான் அடங்கும். பட்டென்று நிற்கிறது என்றால் மின்சாரம்தான். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, பிறகு ஏன் கரண்ட் போனால் நிற்க வேண்டும் என்று கேட்டேன். டீசல் பம்ப்பின் பக்கவாட்டில் இருந்த சொலினாய்டைக் காட்டினார். சில எஞ்சின்களில் இது கரண்ட் கொடுத்தால் டீசலை அடைக்கும். இந்தப் படகில் நேர்மாறு: கரண்ட் இருக்கிறவரை டீசல் வழி திறந்திருக்கும், போனால் மூடிக்கொள்ளும். கேபின் லைட்டுக்கு பேட்டரியிலிருந்து தனி ஒயர். அது எரிகிறது, மீட்டர் போர்டும் சொலினாய்டும் சேர்ந்து சாகின்றன. ஆக, பேட்டரிக்கும் சாவிக்கும் நடுவில்தான் எங்கோ அறுபடுகிறது. பேட்டரி மாற்றியதற்கு அவசியமே இருக்கவில்லை.

அப்படியும் பெரிய ஒயர்களை அவர் விடவில்லை. செல்ஃப் அடிக்கச் சொல்லி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்தார். 0.3 வோல்ட். பாசிட்டிவ் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்திலும் மோட்டார் கேபிளிலும் குறையில்லை என்று அடுத்த வேலைக்குப் போனார். பக்கத்துப் படகிலிருந்து ஒருவர், ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்த்தால் டைனமோ நல்லதா என்று தெரிந்துவிடுமே என்றார். பெரியவர் கையை உயர்த்தித் தடுத்தார். ஓடுகிற ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் எகிறி, உள்ளே இருக்கும் டயோடுகள் போய்விடும். நல்லதாக இருந்த பொருளையும் கெடுக்கிற சோதனை அது.

விட்டு விட்டு வரும் கோளாறை அது வரும்போதே பிடிக்க வேண்டும். அதனால் அதை வரவழைப்பதுதான் அடுத்த வேலை. கியர் போடாமல் வேகத்தைக் கூட்டி எஞ்சினை ஓட விட்டார்கள். எஞ்சின் ரூம் கொதித்தது. டீசலும் அடித்தளத்தில் தேங்கிய உப்புத் தண்ணீரும் கலந்த வாடை தொண்டையைப் பிடித்தது. நன்றாகச் சூடேறியதும் பெரியவர் ஒரு மரக்குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினார். செல்ஃப் மோட்டாரின் தடித்த முனையிலிருந்து ஃபியூஸ் வழியாக வீல் ஹவுஸ் சாவிக்கு ஏறும் ஒயரை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். ஃபியூஸ் பெட்டி, அடுத்துப் பல பின் கொண்ட பிளக், இரண்டிலும் ஒன்றும் ஆகவில்லை. புகைக் குழாயை ஒட்டி வளைந்து தரைப் பலகைக்கு அருகே தொங்கிய இடத்தில் குச்சி பட்டதும் எஞ்சின் நின்றது.

“யாரும் எதையும் தொடாதீங்க” என்றார். அந்த நிமிடம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு மேலே போய், சாவிக்கு வரும் முனையில் மீட்டரை வைத்தார். 25 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கரண்ட்தான் வருகிறதே என்று ஓனர் சோர்ந்து போனார். பெரியவர் பையிலிருந்து 24 வோல்ட் லாரி ஹெட்லைட் பல்பு ஒன்றை எடுத்து அதே முனையில் சேர்த்தார். பல்பின் இழை மங்கலாகச் சிவந்தது. மீட்டர் 11க்கு விழுந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்குத் தேவைப்படும் கரண்ட் மிகமிகச் சிறியது. ஒற்றை இழை தொட்டுக்கொண்டிருந்தாலே முழு வோல்டேஜும் காட்டிவிடும். மூன்று ஆம்பியர் இழுக்கும் பல்பு அப்படி ஏமாறாது. கரையில் மீட்டர் மட்டும் வைத்துப் பார்த்தவர்களுக்கு இத்தனை நாள் இந்த ஒயர் பிடிபடாததற்குக் காரணம் இதுதான். என்னைக் கேட்டால், படகில் கை வைக்கிற எவர் பையிலும் இப்படி ஒரு பல்பு இருந்தாக வேண்டும்.

நின்ற பிறகு எஞ்சின் ஏன் உடனே எடுப்பதில்லை? அதற்கும் விடை அந்த சொலினாய்டிலேயே இருக்கிறது. உள்ளே இரண்டு காயில். வழியைத் திறக்க இழுக்கும் காயிலுக்கு நிறைய ஆம்பியர் வேண்டும். திறந்ததைத் தாங்கும் காயிலுக்கு ஓர் ஆம்பியர் அளவே போதும். கெட்டுப்போன ஒயர் தாங்குவதற்குக் கரண்ட் கொடுத்துவிடும், இழுக்கக் கொடுக்காது. சூட்டில் இணைப்பு விரிந்து ஒருமுறை விட்டுவிட்டால், ஆறி மறுபடி சேரும்வரை எஞ்சின் எடுக்காது. டிரைவர் சொன்ன அந்த அரை மணி இதுதான்.

தொங்கிய இடத்தை அறுத்துப் பார்த்தோம். முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிய பழைய இணைப்பு. டேப்பைப் பிரித்ததும் செம்பு இழைகள் பச்சைக் களிம்பாகி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. மேலுறை மட்டும் புதுசு போலப் பளபளப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டினார், கருப்பு. ஒரு முழம் தள்ளி வெட்டினார், அங்கும் கருப்பு. திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல இழைகளின் இடுக்கு உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. டேப் தண்ணீரைத் தடுக்கவில்லை, பிடித்து வைத்திருந்தது. வீட்டுக்குப் போடுகிற வெறும் செம்பு ஒயரைப் படகில் போட்டால் இதுதான் கதி.

ஒட்டுப் போடாமல் ஒயர் முழுவதையும் உருவி எறிந்துவிட்டு, வெள்ளீயம் பூசிய செம்பு இழை ஒயரைப் புதிதாக இழுத்தார். முனைகளில் லக் வைத்து நசுக்கி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடு காட்டினார். ஈயப் பற்று வைக்கலாமே என்றேன். பற்று முடிகிற இடத்தில் ஒயர் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் சரியாக அந்த இடத்தில்தான் ஒடியும் என்றார். அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் விதியும் பற்றை மட்டும் நம்பி ஒயரைச் சேர்க்கக் கூடாது என்கிறது. 18 அங்குலத்துக்கு ஒருமுறையாவது ஒயரைப் பிடித்துக் கட்டவும் சொல்கிறது. பெரியவர் அதைவிட நெருக்கமாகவே கட்டினார், புகைக் குழாயை விட்டு விலக்கி, தண்ணீர் எட்டாத உயரத்தில்.

பல்பை மறுபடி அதே முனையில் வைத்தார். பளீரென்று எரிந்தது, மீட்டர் 25க்குக் கீழே இறங்கவில்லை. எஞ்சினைச் சூடேற்றி, குச்சியால் பலமாகவே தட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. டிரைவர் டோக்கன் விஷயமாக ஓடினார்.

ஓனர் கேட்டது மற்ற ஒயர்களைப் பற்றி. எல்லாம் ஒரே வயசு, ஒரே ரகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்றார் பெரியவர். எஞ்சின் ரூமில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பின் ஒயர் மட்டும் அதுவரை தாங்காது என்று, அதையும் அன்றைக்கே அவிழ்க்க ஆரம்பித்தார்.