ஓட வேண்டியது பந்துதான்

மலையிலிருந்து இறங்கி ஆடும் எங்கள் ஃபுட்பால் டீம் தோற்பது பெரும்பாலும் இரண்டாம் பாதியில்தான். முதல் அரை மணி நேரம் எதிரணியைத் தலைதூக்க விடமாட்டார்கள். இடைவேளை முடிந்து வந்ததும் கால் கனக்கும். கடைசி இருபது நிமிடத்தில் பேக் நால்வரும் நடக்க ஆரம்பிப்பார்கள். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ ஆட்டம் முடிந்து வேன் ஏறும்போது பெரியவர் ஒருவர் தவறாமல் சொல்வார்: "மலைக்காரப் பயலுகளுக்கு மூச்சுக்கு என்னப்பா பஞ்சம்? நல்லா ஓடவிடு, எல்லாம் சரியாயிரும்." தோற்கும் டீமுக்கு நம் ஊரில் சொல்லப்படும் முதல் வைத்தியம் ஓட்டம். அதிலும் தேறாவிட்டால் கோச்சை மாற்றுவது.

கொடைக்கானலில் பல வருடங்களாகப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். இரண்டு வைத்தியத்தையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டிலும் குணமாவது கொஞ்சம்தான். மாற வேண்டியது பயிற்சி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது, அது ஆட்டம் தோற்கும் இடத்தைத் தொடுகிறதா என்பதே கேள்வி.

முதலில் மூச்சு விஷயம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திண்டுக்கல் 300 மீட்டரைக்கூட எட்டாது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியிருக்கும், கீழே போனால் மூச்சு தாராளமாகவும் கிடைக்கும். பெரியவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எங்களை அடிப்பது வெயில். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினான்கு நாள் வரை அந்தச் சூட்டிலேயே உழைக்க வேண்டும். அப்போதுதான் வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், அதே ஓட்டத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். காலைப் பயிற்சிக்கு ஸ்வெட்டரோடு வருகிற பையன் வத்தலக்குண்டு மலைப்பாதையில் வாந்தி எடுத்து இறங்கி, மத்தியானம் மூன்று மணிக்கு ஆடுகிறான். முந்தின நாளே போய்த் தங்கினாலும் ஓர் இரவில் அந்தப் பழக்கம் வந்துவிடாது. இங்கே குளிரில் எத்தனை ரவுண்டு ஓடவிட்டாலும் முழுசாக வராது.

வெயிலை மாற்ற முடியாது. அப்படியானால் குறைவாக ஓடி ஆட்டத்தை முடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பந்து நம் காலில் இருந்தால் துரத்துகிறவன் அவன். களைத்த டீம் ஓய்வெடுக்க ஒரே வழி பந்தை வைத்திருப்பது. இது பெரிய டீம்களின் ஆடம்பரம் என்று நம் பக்கத்தில் நினைக்கிறார்கள். உண்மையில் மூச்சுவாங்கும் டீமுக்குத்தான் இது அதிகம் தேவை.

எங்களால் ஏன் பந்தை வைத்து ஆட முடியவில்லை? காரணம் கிரவுண்டிலேயே இருக்கிறது. மலையில் சமதளம் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கிற இடம் சிறியது, ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஆண்டில் பாதி நாள் சேறு. சேற்றில் தரையோடு கொடுக்கும் பாஸ் பாதி வழியில் நின்றுவிடும். எனவே சின்ன வயதிலிருந்தே பையன் கற்றுக்கொள்வது தூக்கி அடிப்பதை. இங்கே அது பலிக்கவும் செய்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்துக்குத் தடை குறைவு. ஓங்கி அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், வளைவதும் குறையும். அந்தத் தூரத்தைக் கணக்குப் பண்ணித்தான் எங்கள் ஃபார்வர்டு ஓடிப் பழகியிருக்கிறான். கீழே போனால் அதே உதை முன்னதாகவே விழுகிறது. அவன் பந்தைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பி வருகிறான். கார்னரில் வளைந்து வரும் பந்து எங்கள் கீப்பரின் கணக்குக்கு மேலேயே வளைகிறது. தரையும் வேறு. வெயிலில் காய்ந்து இறுகிய மண்ணில் பந்து இடுப்புக்கு எழும்புகிறது.

உயரம் ஆட்டத்தை மாற்றும் என்பது உலகம் அறிந்ததுதான். 3,600 மீட்டர் உயர லா பாஸில் 2009 ஏப்ரல் 1 அன்று, மரடோனா கோச்சாக இருந்த அர்ஜென்டினாவை பொலிவியா 6-1 என்று வீழ்த்தியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஃபிஃபா உயரமான ஊர்களில் சர்வதேச ஆட்டங்களுக்குத் தடை போட்டு, பிறகு எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. அங்கே மேலே ஏறி வந்தவன் திணறினான். எங்கள் கதை தலைகீழ். லீக் ஆட்டங்கள் எல்லாம் கீழேதான், திணறுகிறவர்கள் நாங்கள்.

கீழே பந்தை வைத்து ஆடுவதற்காகப் பயிற்சியில் செய்ய முடிந்தவை பெரிய செலவில்லாதவை. வாரத்தில் ஒரு நாள் சேற்றுக் கிரவுண்டை விட்டுவிட்டு, அனுமதி கிடைக்கும் ஏதாவது ஒரு பள்ளியின் சிமெண்ட் பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குப் போகலாம். வழுக்கும் ஈர நாளைத் தவிர்த்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு ரப்பர் ஷூவில் ஆட வேண்டும். அங்கே பந்து நிற்காது, எழும்பும், வேகமாக வரும். கீழே இருக்கும் கட்டாந்தரைக்கு மலையில் கிடைக்கிற நெருங்கிய பழக்கம் அதுதான். சின்ன கோர்ட்டில் தூக்கி அடித்தால் பந்து வெளியே போய்விடும். "தூக்கி அடிக்காதே" என்று நான் கத்த வேண்டியதில்லை, கோர்ட்டே சொல்லிவிடும். நல்ல பயிற்சி என்று நான் நினைப்பது இப்படிப்பட்டதைத்தான். கோச் சொல்ல வேண்டியதை இடமும் விதியும் சொல்லிவிட வேண்டும்.

பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவனிடம் காரணம் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் ரைட் பேக் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன். அவன் சொன்னது: "அண்ணே, பந்து வர்றப்ப யாரு எங்க நிக்கிறான்னே தெரியல. அதான் தூக்கி விட்டுர்றேன்." அவன் உதையில் குறை இல்லை, பார்ப்பதில்தான். பந்து வந்த பிறகு தலையைத் தூக்கிப் பார்க்கிறவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் பின்னால் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களின் வீடியோக்களை வைத்து இதையே ஆராய்ந்தார். பந்து வருவதற்கு முந்தைய நொடிகளில் அதிகம் திரும்பிப் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் சேர்ந்தன.

இதைப் பழக்க எளிய வழி உண்டு. பந்து வாங்குகிறவனுக்குப் பின்னால் ஒருவன் நின்று விரலைக் காட்டுவான். பந்து காலைத் தொடுவதற்குள் எத்தனை விரல் என்று இவன் சொல்ல வேண்டும். அடுத்த கட்டம், நாலு பேர் பந்து வைத்திருக்க இரண்டு பேர் நடுவில் நின்று பறிக்கும் ஆட்டம். அதற்கும் அடுத்தது, சின்ன இடத்தில் ஆறுக்கு ஆறு, ஆளுக்கு இரண்டு தொடுதல் மட்டும். இவை எல்லாம் யூடியூபில் இருக்கின்றன, ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் பயிற்சியின் பெரும்பகுதியை இதற்கே கொடுக்கத் துணிவது கடினம். வேலியோரம் நிற்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும், பத்து ரவுண்டு ஓட்டம்தான் உழைப்பாகத் தெரியும்.

நடுவில் ஆட்டத்தை நிறுத்துவதும் ஒரு கலை. "நில்லு!" என்றதும் எல்லோரும் அந்தந்த இடத்திலேயே உறைய வேண்டும். பிறகு நான் விடையைச் சொல்வதில்லை. "இப்ப உனக்கு யாரு ஃப்ரீயா இருக்கா?" என்று கேட்பேன். அவன் சுற்றிப் பார்த்து, கை நீட்டிக் காட்டியதும் ஆட்டம் தொடரும். ஒரு பயிற்சியில் இரண்டு மூன்று முறைக்கு மேல் நிறுத்தினால் பையன்கள் சலித்துப்போவார்கள். மேட்ச் அன்று கோட்டோரம் நின்று கத்துவதால் ஆவது குறைவு. பந்து காலுக்கு வந்த நொடியில் என் குரல் அவன் காதில் விழுந்து, புரிந்து, கால் கேட்பதற்குள் எதிரி வந்துவிடுவான்.

மேட்ச்சில் கோச்சுக்கு உண்மையாகக் கிடைக்கும் நேரம் இடைவேளையும் தண்ணீர் நேரமும்தான். 2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் ஃபோர்டலேசாவில் கொளுத்தும் வெயிலில் மோதின. நெதர்லாந்து 0-1 என்று பின்தங்கியிருந்தது. தண்ணீர் குடிக்க விட்ட இடைவேளையை கோச் லூயி வான் ஹால் ஆட்டமுறையை மாற்றிச் சொல்லப் பயன்படுத்தினார். 88ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் சமன் செய்தார், இஞ்சுரி டைமில் ஹுண்டெலார் பெனால்டியில் வென்று கொடுத்தார். எங்கள் பையன்கள் தண்ணீர் நேரத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் யார் குடிப்பது, யார் பேசுவது, என்ன ஒரே ஒரு விஷயம் சொல்வது என்பதையும் பயிற்சியிலேயே பழக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் பலன் தருவது நின்ற பந்து: கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ. இதற்கு வெயிலும் மூச்சும் தடையில்லை. 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து போட்ட 12 கோல்களில் 9 நின்ற பந்தில் பிறந்தவை. அந்த டீம் அரையிறுதி வரை போனது. எங்கள் மாதிரி டீம் கார்னரை எப்படி எடுக்கிறது? யாருக்குத் தோன்றுகிறதோ அவன் ஓடிப்போய் அடிப்பான், மற்ற எல்லோரும் கோல் முன்னே கும்பலாக நிற்பார்கள். மூன்றே மூன்று அமைப்பைத் தேர்ந்தெடுத்து, யார் முன் போஸ்டுக்கு ஓடுவது, யார் கீப்பர் பாதையை அடைத்து நிற்பது, யார் நடுக்கோட்டில் காவல் இருப்பது என்று பெயர் வைத்துப் பிரித்துவிட்டால் போதும். நாலாவது அமைப்பு வேண்டாம், மேட்ச்சில் குழப்பும்.

இனி கோச்சை மாற்றும் வைத்தியம். இதற்குச் சென்னையின் எஃப்சியை விடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை. 2019-20 ஐஎஸ்எல் சீசனில் ஜான் கிரிகரியின் கீழ் முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்தே புள்ளி. டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை முன்னேறி ஆடவைத்தார். ஃபார்வர்டு வால்ஸ்கிஸ் 15 கோல் போட்டார். நாலாவது இடத்தைப் பிடித்து, அரையிறுதியில் கோவாவை வென்று, 2020 மார்ச் 14 அன்று இறுதிப்போட்டியில் ஏடிகேயிடம் 1-3 என்று தோற்றார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் "கோச் மாறினா போதும்" என்றார்கள்.

ஆனால் கதையைக் கொஞ்சம் பின்னே நகர்த்திப் பார்க்க வேண்டும். வெளியேறிய அதே கிரிகரிதான் 2017-18இல் கோப்பை வென்றவர். அதற்கடுத்த சீசனிலேயே அவருடைய டீம் 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி இடம். கோப்பை வென்ற கோச்சும் கடைசி இடத்தில் முடித்த கோச்சும் ஒரே ஆள். நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வேலும், கோச்சை மாற்றிய டீம்கள் மாற்றாமல் விட்ட டீம்களைவிடச் சிறப்பாக மீண்டதாகக் காணவில்லை. சறுக்கின டீம் ஒரு கட்டத்தில் தானாகவே எழும். அந்த நேரத்தில் யார் கோச்சாக இருக்கிறாரோ அவருக்குப் பெயர் கிடைக்கும். காய்ல் செய்தது வெறும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்லவில்லை. இருந்தவர்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஆட்டத்தை அமைத்தார். பின்பற்ற வேண்டியது அதைத்தான், ஆளை மாற்றியதை அல்ல.

அடுத்த சீசனுக்கு முன் எங்களுக்கு இருக்கும் நிஜமான தடை காலண்டர். ஏப்ரலும் மேயும் டூரிஸ்ட் கூட்டம். டாக்ஸி ஓட்டுகிறவன், காட்டேஜில் வேலை பார்க்கிறவன், குதிரை பிடிக்கிறவன் எல்லோருக்கும் வருடச் சம்பாத்தியம் அப்போதுதான். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்துப் பையன்களைப் பூண்டு அறுவடை சமயத்தில் கூப்பிட முடியாது. அக்டோபரில் மழை பிடித்தால் கிரவுண்டு குளம். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பந்து தெரியாது. அந்த நாட்களுக்கு ஆரஞ்சு நிறப் பந்து வேண்டும். இவ்வளவையும் கழித்தால் முழு டீமும் சேர்ந்து நிற்கிற நாள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் ரவுண்டு ஓட்டத்தில் கழிப்பது அநியாயம். ஓட்டத்தை அவரவர் ஊரிலேயே ஓடிக்கொள்ளலாம். பாஸ், பார்வை, நின்ற பந்து, இவற்றைச் சேர்ந்திருக்கும்போது மட்டும்தான் கற்க முடியும்.

கமிட்டியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு சீசனுக்கு ஒரே கோச்சை விட்டுவையுங்கள், அது நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெளியூரிலிருந்து புதியவர் ஒருவரை அழைத்துவந்து, அறை பிடித்து, சம்பளம் பேசுகிற பணத்தில் ஆளுக்கொரு பந்து வாங்கலாம், உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேரைக் கோச்சுகளுக்கான டி லைசென்ஸ் கோர்ஸுக்கும் அனுப்பலாம். இப்போது இருபது பேருக்கு மூன்று பந்து இருக்கிறது, அதில் ஒன்றுக்குக் காற்று நிற்பதில்லை. வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கும் பையன் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பந்தைத் தொடுவது எத்தனை முறை என்று ஒரு நாள் கிரவுண்டுக்கு வந்து நீங்களே எண்ணிப்பாருங்கள். எண்ணிவிட்டுக் கோச்சை மாற்றலாமா, பந்து வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.