அது அச்சுப்பிழை அல்ல

நண்பரின் அப்பா தவறியபோது வந்த அழைப்பு அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. மாலை நாலு மணிக்கு அடக்கத் திருப்பலி 'செலிபரேட்' செய்யப்படும் என்று போட்டிருந்தார்கள். துக்க வீட்டில் என்ன செலிபரேஷன்? அவசரத்தில் அச்சகத்துக்காரர் கல்யாணப் பத்திரிகை வாசகத்தைப் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். நல்லவேளை, நண்பரிடம் கேட்டு வைக்கவில்லை.

பிறகு அகராதியைப் புரட்டினால், பிழை என் பக்கம். 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த அந்தச் சொல்லுக்கு முதல் வேலையே திருப்பலிப் பூசைதான். பூசை வைக்கும் சாமியாரை இன்றும் 'செலிபரன்ட்' என்கிறார்கள். லத்தீன் மூலமான 'செலெபர்' என்பதற்கு ஆள் திரண்ட, ஜனம் வந்துபோகிற என்று பொருள். கேக்கும் பலூனும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. 'செலிபிரிட்டி'யும் இதே வேரில் முளைத்ததுதான். நகைக்கடைத் திறப்பு விழாவுக்கு நடிகர் வரும் நாளில் அந்தத் தெருவில் போய் நின்று பாருங்கள், லத்தீன் விளங்கிவிடும்.

நமக்குப் பள்ளிக்கூடம் 'செலிபரேட்'டுக்குக் 'கொண்டாடு' என்று எழுதிக் கொடுத்தது. அது கட்டுரை நோட்டோடு சரி. எங்கள் வீட்டில் யாரும் பொங்கலைக் கொண்டாடியதில்லை, வைத்தார்கள். கார்த்திகைக்கு விளக்கு ஏற்றினார்கள். தேர் என்றால் இழுப்பது. திருநெல்வேலிப் பக்கம் அம்மனுக்குக் கொடை கொடுப்பார்கள். கொங்கில் நோம்பி சாட்டுவார்கள். தீபாவளி காலையில், "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்பதுதான் விசாரிப்பு. இத்தனை வினைகளையும் ஒரே 'செலிபரேட்'டுக்குள் திணித்தால் எனக்கு வாய் சப்பென்று ஆகிவிடுகிறது.

கொண்டாடு என்ற சொல் வீட்டில் புழங்காமல் இல்லை. ஆனால் வேறு இடத்தில். "காசு வந்ததும் உறவு கொண்டாடிக்கிட்டு வந்துட்டான்" என்பாள் அத்தை. வரப்புத் தகராறில் உரிமை கொண்டாடுவார்கள். இவற்றில் குதூகலம் ஏது? இது என்னுடையது, இவர் எனக்கு வேண்டியவர் என்று பிடித்துக்கொள்வதுதான் அங்கே கொண்டாட்டம்.

அடக்கத் திருப்பலி அன்று கோயிலுக்குள் இடமில்லை. வாசல் தாண்டி வேப்பமரம் வரை ஆட்கள். பக்கத்தில் நின்றவர் யாரென்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "தம்பி, உனக்கு என்னைத் தெரியாது. உங்கப்பா எனக்கு அண்ணன் முறை."